லண்டன்ல அசைலம் அப்பீலுக்கு நாங்கள் போன லீகல் எய்ட் சொலிசிற்றர் ஒஃபிஸ்: என்ர றிவியூ

முதலே சொல்லிடுறன், ஒஃபிஸின்ர பேரை இதில போடேல்லை. தம்பியின்ர கேஸைப் பற்றிக் கொஞ்சம் எழுதப்போறன், அதோட ஒஃபிஸ் பேரும் வந்தா ஆளைக் கண்டுபிடிக்கிறது லேசு, சித்தி இன்னும் ஊரிலதான் இருக்கிறா. ஆனா அசைலம் (அகதித் தஞ்சம்) அப்பீலுக்கு எப்பிடியான சொலிசிற்றரைத் தேடோணும், அவை என்னென்ன செய்தா அது நல்ல வேலை எண்டு இப்ப எனக்கு வடிவாத் தெரியும், அதை எழுதாம விட மனம் வரேல்லை. எங்கட சனம் கோயில்லயும் கடையிலயும் ஆர் ஆரோ சொல்லுறதைக் கேட்டுத்தான் சொலிசிற்றர் பிடிக்குது, "அவர் கேஸ் வெல்லுவார்" எண்டு ஒரு கதை காணும், உடன காசைக் கட்டிடுவினம். ஜட்ஜ் உள்ளுக்க இருந்து என்னத்தைப் பாக்கிறார் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை, அது தெரியாம சொலிசிற்றர் நல்லவரோ கூடாதவரோ எண்டு எப்பிடிச் சொல்லுறது.

தம்பி (சித்தியின்ர மகன், எனக்குத் தம்பிதான்) முதல் அப்பிடித்தான் ஒரு இடத்தில மாட்டுப்பட்டவன். காசு வாங்கிச்சினம், ஒண்டரைப் பக்கத்தில ஒரு ஸ்டேற்மென்ற் எழுதிச்சினம், எழுதினதைத் தமிழில அவனுக்குத் திருப்பி வாசிச்சே காட்டேல்லை, கையெழுத்து மட்டும் வாங்கினது. அதில அவனைப் பிடிச்சுக்கொண்டு போன வருசமே பிழை. ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) இன்ரர்வியூவில அவன் சரியான வருசத்தைச் சொல்ல, ரெண்டும் ஒத்துவரேல்லை எண்டு றிஜெக்ட் லெற்றரில முதல் பந்தியிலயே வந்திட்டுது. பேந்து அதே ஆக்கள் இன்னும் காசு கேட்டு, வேணுமெண்டா ஊரில இருந்து ஒரு வாரண்ட் எடுத்துத் தரலாம் எண்டு சொல்லிச்சினம். அண்டைக்கே ஃபைலை வாங்கிக்கொண்டு வந்திட்டம். உங்கட ஃபைலை நீங்கள் கேட்டு வாங்கலாம், எழுத்தில கேளுங்கோ.

றிஜெக்ட் லெற்றர் வந்தா அப்பீல் போட 14 நாள்தான் இருக்கு, அதுக்குள்ள புது ஆள் பிடிக்கிறது எண்டா சும்மா விளையாட்டில்லை. 2012ல வந்த சட்டத்தால இமிக்றேஷன் கேஸ் கனக்கத்துக்கு லீகல் எய்ட் (லோயருக்கு அரசாங்கம் காசு குடுக்கிறது) இல்லாமப் போனாலும் அசைலத்துக்கு இன்னும் இருக்குது, இதைக் கனபேர் அறியேல்லை. அரசாங்க வெப்சைற்றில போஸ்ற்கோட் போட்டுத் தேடினா லீகல் எய்ட் செய்யிற ஒஃபிஸ் லிஸ்ற் வரும். ஃபோன் அடிச்ச இடமெல்லாம் "இப்ப புது கேஸ் எடுக்கிறேல்லை" எண்டுதான் பதில். கடைசியாக் கிடைச்சது இந்தச் சின்ன ஒஃபிஸ், ஒரு கடைக்கு மேல மாடியில, படி ஏறிப் போகோணும், வெயிற்றிங் றூமில நாலு கதிரை. பாத்த உடன எனக்கு நம்பிக்கை வரேல்லை எண்டது உண்மை, நாங்கள் முதல் போன இடம் கண்ணாடிக் கதவும் பெரிய போர்ட்டும் வைச்சிருந்தது.

முதல் சந்திப்பில சொலிசிற்றர் (பொம்பிளை, தமிழ் இல்லை) கதையைக் கேக்கிறதுக்கு முதல் ஜட்ஜ் எப்பிடி முடிவெடுப்பார் எண்டதை தம்பிக்கு விளங்கப்படுத்தினா. இன்ரர்பிரிற்றருக்கும் லீகல் எய்ட்தான் காசு, வந்தவர் யாழ்ப்பாணத்துப் பக்க ஆள், தம்பி கதைக்கிற வேகத்துக்கு அவரால பிடிக்க முடிஞ்சது. அவா சொன்னது சுருக்கமா இதுதான். 1951 அகதிகள் உடன்படிக்கையில இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து எண்டு ஐஞ்சு காரணம் இருக்கு, அதில ஒண்டுக்காக திரும்பிப் போனா ஆபத்து எண்டு காட்டோணும். சும்மா "நாட்டில பிரச்சினை" எண்டது காணாது, உன்னைத் தேடி அந்தப் பிரச்சினை ஏன் வரும் எண்டதுதான் கேள்வி. அடுத்தது, 2022 ஜூன் 28ல இருந்து அசைலம் கேட்ட ஆக்களுக்குச் சட்டம் மாறிட்டுது, இப்ப ரெண்டு படி. முதல் படியில நீ சொல்லுற ஆள்தானா நீ, உண்மையா நீ அதுக்குத்தான் பயப்பிடுறியா எண்டதை "இல்லை எண்டதை விட ஓம் எண்டது கூட" எண்ட அளவுக்கு நிறுவோணும், அதாவது பாதிக்கு மேல. ரெண்டாம் படியில, திரும்பிப் போனா ஆபத்து வருமா எண்டதுக்கு "நியாயமான அளவு சாத்தியம்" இருந்தாலே காணும், பாதிக்கு மேல எண்டு இல்லை. முந்தி எல்லாத்துக்கும் அந்தக் குறைஞ்ச அளவுதான் இருந்தது. தம்பி புதுச் சட்டத்துக்குள்ள வாறவன், அதால கதையின்ர ஒவ்வொரு துண்டும் முந்தியைவிட இறுக்கமா நிக்கோணும் எண்டு முகத்துக்கு நேர சொன்னா. "கட்டாயம் வெல்லுவம்" எண்டு ஒருக்காலும் சொல்லேல்லை, அதுதான் எனக்கு அவாவில நம்பிக்கை வந்த இடம்.

இந்த "நியாயமான அளவு சாத்தியம்" எண்ட அளவுகோல் இங்க வந்ததே எங்கட ஆக்களின்ர கேஸில எண்டு எனக்கு அது வரைக்கும் தெரியாது. 1987 டிசம்பரில பிரபுக்கள் சபையில (அப்ப இங்க எல்லாத்துக்கும் மேல் கோட் அதுதான்) சிவகுமாரன் எண்ட கேஸ், இலங்கைத் தமிழர் ஆறு பேர். ஆபத்து நியாயமான அளவுக்குச் சாத்தியமா இருந்தாலே காணும் எண்ட அளவுகோலை வைச்சதும் அந்தத் தீர்ப்புத்தான், ஆனா அந்த ஆறு பேரும் அதில தோத்தவை. ஆளின்ர பயம் மட்டும் காணாது, அந்தப் பயத்துக்கு உண்மையான அடிப்படை இருக்கோணும் எண்டு சொல்லி, அவையில ஐஞ்சு பேரை 1988 பெப்ரவரியில திருப்பி அனுப்பினவை. திரும்பிப் போனதுக்குப் பிறகு சிலருக்கு அடி விழுந்தது, 1989ல அப்பீலை விசாரிச்ச அதிகாரி அவைக்குச் சாதகமாத் தீர்ப்புக் குடுத்து, இங்கிலாந்துக்கே திரும்பி வந்தவை. அந்த ஐஞ்சு பேரும் ஸ்ட்ராஸ்பூர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைக் கோட்டுக்கும் போனவை, 1991ல அங்கயும் தோல்வி. இண்டைக்கு சூடானியோ ஆஃப்கானியோ ஆர் இங்க கேஸ் போட்டாலும் அவைக்கு வைக்கிற அளவுகோல் எங்கட ஆக்கள் அனுபவிச்சதில இருந்து வந்தது. இதை எங்கட பிள்ளையளுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கிறதில்லை, எனக்கு அது சரியான கவலை.

இப்ப அவையின்ர வேலைக்கு வாறன். இந்த ஒஃபிஸுக்கு நான் முழு மார்க் குடுக்கிறது ஸ்டேற்மென்ற் எழுதினதுக்கு. ஒருக்கா இருந்து முடிக்கிற வேலை இல்லை அது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டினம். முழுக் கதையையும் முதலில இருந்து கடைசி வரைக்கும் ஒருக்காக் கேட்டு, பிறகு ஒவ்வொரு சம்பவமா எடுத்து, ஆர் வந்தது, எத்தினை மணி இருக்கும், என்ன உடுப்புப் போட்டிருந்தினம், நீ எங்க நிண்டனி, அம்மா எங்க நிண்டவ எண்டு. தம்பிக்கு சில நாள் எழும்பிப் போயிடுவமோ எண்டு இருந்தது, காம்பில நடந்ததைக் கதைக்கேக்க கை நடுங்கும். அப்ப அவா பேனையை வைச்சிட்டு, இண்டைக்குக் காணும் எண்டிடுவா. நேரம் போனா அவையளுக்கு வேற கிளையன்ற் நிக்கினம்தான், எண்டாலும் அவசரப்படுத்தினதை நான் ஒருநாளும் காணேல்லை.

மாசக் குழப்பம் ஒண்டு இருந்தது. வந்து இறங்கின நேரம் செய்த ஸ்க்ரீனிங் இன்ரர்வியூவில ஜூன் எண்டு இருக்கு, பெரிய இன்ரர்வியூவில ஓகஸ்ட் எண்டு இருக்கு. தம்பியிட்ட இங்கிலீஸ் மாசத்தில கேட்டா அவன் தடுமாறுவான், ஆனா நல்லூர்த் தேருக்கு முந்தின கிழமை எண்டது அவனுக்கு நிச்சயம், ஏனெண்டா அந்த வருசம் சித்தப்பா தேருக்குப் பிரதட்டை செய்யிறன் எண்டு நேர்த்தி வைச்சு, மகனைப் பிடிச்சதால போகாம நிண்டவர். அவா உடன அந்த வருசம் நல்லூர்க் கொடியேற்றம் எப்ப, தேர் எப்ப எண்டு பாத்து, செய்தியைப் பிரிண்ட் எடுத்து, திகதியை அதோட இணைச்சு ஸ்டேற்மென்றில போட்டா. ஏன் முதல் இன்ரர்வியூவில பிழைச்சது எண்டதையும் ஒளிக்காம எழுதினா. அந்த ஸ்க்ரீனிங் இன்ரர்வியூ ஆள் ஆர், எந்த வழியால வந்தது எண்டு பாக்கிறதுக்குத்தான், கதையை விரிவாக் கேக்கிற இடமில்லை எண்டு ரிபியூனலே (அசைலம் அப்பீலை விசாரிக்கிற தீர்ப்பாயம்) 2004ல ஒரு தீர்ப்பில சொல்லியிருக்கு, அதையும் காட்டினா. முதல் ஆக்கள் எழுதின பிழை வருசத்துக்கும் விளக்கம் போட்டு, அவனுக்குத் திருப்பி வாசிச்சுக் காட்டேல்லை எண்டதையும் சொன்னா. எல்லாம் முடிஞ்ச பிறகு முழு ஸ்டேற்மென்றையும் இன்ரர்பிரிற்றர் தமிழில வாசிச்சு, தம்பி "இது இப்பிடி இல்லை" எண்ட ஒவ்வொரு இடத்தையும் திருத்தித்தான் கையெழுத்து.

தழும்புக்கு மெடிக்கல் றிப்போர்ட்டும் ஒழுங்கு பண்ணிச்சினம், அதுக்கும் லீகல் எய்ட்டில முன்கூட்டி அனுமதி எடுத்து. இதைப் பற்றி எங்கட ஆக்கள் கட்டாயம் அறிஞ்சிருக்கோணும். சித்திரவதைத் தழும்பைப் பாக்கிற டொக்டர் "இஸ்தான்புல் புறோட்டோகோல்" எண்ட ஐநா வழிகாட்டியைப் பாவிச்சு, தழும்பு இவர் சொல்லுற கதைக்குப் பொருந்தேல்லையா, பொருந்துதா, நல்லாப் பொருந்துதா, இப்பிடியான காயத்தில வழமையா வாறதா, இதைத் தவிர வேற ஒண்டாலயும் வந்திருக்கேலாதா எண்டு ஐஞ்சு படியில எழுதுவார். தழும்பு பழசா, வேற விபத்தில வந்திருக்கலாமா எண்டதையும் சேத்துப் பாப்பார். இங்க கேவி எண்டு எழுத்தால மட்டும் பேர் போட்ட ஒரு இலங்கைத் தமிழரின்ர கேஸ் இருக்கு, உடம்பில சூடு வைச்ச தழும்புகள். அவர் தானே விரும்பி வேற ஆளைக்கொண்டு சூடு வைப்பிச்சு, கேஸுக்காகச் செய்தது எண்டு மேல் ரிபியூனல் சொன்னது. அப்பீல் கோட்டில மூண்டு ஜட்ஜில ரெண்டு பேர் அதைச் சரி எண்டிச்சினம், ஒருத்தர் மட்டும் மாட்டன் எண்டவர். கடைசியா 2019 மார்ச்சில சுப்ரீம் கோட் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிஞ்சது. லோர்ட் வில்சன் எழுதின தீர்ப்பு. தன்ர உடம்பில தானே விரும்பி இப்பிடிச் சூடு வைப்பிக்கிற ஆக்கள் மிச்சம் அரிது எண்டதையும் தராசில போடோணும், தழும்பு எப்பிடி வந்தது எண்டு ஆள் சொல்லுறது நம்பக்கூடியதா எண்டதிலயும் டொக்டர் கருத்துச் சொல்லலாம் எண்டு. அதை வாசிச்ச அண்டைக்கு நான் அழுதிட்டன், இவ்வளவு காலம் எங்கட பிள்ளையள் எத்தினை பேருக்கு "நீயே சூடு வைப்பிச்சது" எண்ட வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பினம் எண்டு.

அதே வில்சன் 2005ல அப்பீல் கோட்டில இருக்கேக்க மிபாங்கா எண்ட கொங்கோ ஆளின்ர கேஸில சொன்னதுதான் இண்டைக்கு வரைக்கும் சட்டம். ஜட்ஜ் முதல் ஆளை நம்பேல்லை எண்டு முடிவு கட்டிப்போட்டு, பிறகு மெடிக்கல் றிப்போர்ட்டை எடுத்துப் பாத்து, நான்தான் நம்பேல்லையே, அதால றிப்போர்ட்டும் பிரயோசனமில்லை எண்டு சொல்லக்கூடாது. எல்லாத்தையும் ஒண்டாச் சேத்து வைச்சுத்தான் முடிவெடுக்கோணும். 2000ல கருணாகரன் கேஸிலயும் (அவரும் எங்கட ஆள்தான்) அப்பீல் கோட் இதைத்தான் சொன்னது, சந்தேகமான துண்டு எண்டு தூக்கி எறியாம, ஒவ்வொண்டுக்கும் அதுக்குரிய பாரத்தைக் குடுத்து முழுசாப் பாக்கோணும் எண்டு. கிடுகு பின்னுற மாதிரித்தான், ஒரு ஓலையைத் தனிய இழுத்தா கையோட வந்திடும், பின்னி வைச்சா மழைக்கும் நிக்கும். சொலிசிற்றரின்ர திறமை எண்டது அந்தப் பின்னல்தான். ஸ்டேற்மென்ற், டொக்டர் றிப்போர்ட், சித்தியின்ர கடிதம், ஊர் நிலவரம் எல்லாம் ஒண்டை ஒண்டு பிடிச்சு நிக்கோணும்.

கடிதம் எண்டா இன்னொண்டு. எங்கட சனம் ஜிஎஸ் (கிராம சேவகர்) கடிதம், ஜேபி (சமாதான நீதவான்) கடிதம், எம்பி கடிதம், ஃபாதரின்ர கடிதம் எண்டு ஒரு கட்டுக் கொண்டு போகும். இவா ஒவ்வொண்டையும் வாசிச்சு, இவருக்கு இது எப்பிடித் தெரியும், நேர பாத்தவரா, ஆரும் சொல்லிக் கேட்டவரா எண்டு கேட்டா. கேட்ட கதையை மட்டும் எழுதின கடிதங்களை ஒதுக்கிட்டா, மிச்சம் ரெண்டுதான். வாரண்ட் விசயத்திலயும் அப்பிடித்தான். 2002ல தன்வீர் அகமது எண்ட கேஸில இருந்து, ஒரு டொக்கியுமென்ற் நம்பக்கூடியது எண்டு காட்டுறது கேஸ் போட்ட ஆளின்ர பொறுப்பு, அது கள்ளம் எண்டு ஹோம் ஒஃபிஸ் நிறுவத் தேவையில்லை. அதால ஆரோ எடுத்து அனுப்பின பேப்பருக்கு ஒரு மதிப்பும் இல்லை. 2014ல பிஜே எண்ட இலங்கைக் கேஸில, ரெண்டு லோயர்மார் ஒருத்தரோட ஒருத்தர் சம்பந்தமில்லாமத் தனித்தனியக் கோட்டுக்குப் போய் எடுத்த பிரதியளைக் காரணமில்லாம ஒதுக்கேலாது எண்டு அப்பீல் கோட் சொன்னது. அதைப் பாத்து இவா ஊரில ஒரு லோயரைப் பிடிச்சு, அவர் நேர கோட்டுக்குப் போய் வழக்கு நம்பரைக் குடுத்து, உறுதிப்படுத்தின பிரதி எடுத்து, எப்ப எங்க ஆரிட்ட எடுத்தது எண்டு தன்ர கடிதத்தோட நேர ஒஃபிஸுக்கு அனுப்பினவர். எங்கட கையில படவே இல்லை. முதல் ஆக்கள் காட்டின வாரண்டை நாங்கள் எடுத்திருந்தா, உண்மையாவே இருந்த இந்த வழக்கும் சேந்து கெட்டிருக்கும், நினைச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு பதறுது.

சொந்தக்காரர் ஒருத்தர் தம்பியைக் கூப்பிட்டு, நாலு ஆர்ப்பாட்டத்துக்குப் போய்க் கொடியோட படம் எடு, கேஸ் ஸ்ட்ரோங் ஆகும் எண்டு சொன்னவர். சொலிசிற்றர் கேட்ட ஒரே கேள்வி, "உனக்கு அதில விருப்பம் இருக்கா, முந்திப் போனனியா?" இல்லை எண்டான். அப்ப வேண்டாம் எண்டா. ஏன் எண்டும் சொன்னா. 2013ல ஜிஜே எண்ட இலங்கை வழிகாட்டித் தீர்ப்பில, போர் முடிஞ்ச பிறகு ஆருக்கு ஆபத்து எண்டு மேல் ரிபியூனல் வகை பிரிச்சது. புலம்பெயர்ந்த நாட்டில தமிழ்ப் பிரிவினைக்காக முக்கியமான பங்கு எடுக்கிற ஆக்கள், அரசை விமர்சிக்கிற ஊடகக்காரரும் மனித உரிமை ஆக்களும், ஆமிக்கு எதிரா ஆணைக்குழுவில சாட்சி சொன்ன ஆக்கள், பிடியாணையோ கோட் ஓடரோ இருந்து எயாப்போட் ஸ்ரொப் லிஸ்றில (இறங்கின உடன மறிச்சுப் பிடிக்கிற ஆக்களின்ர பட்டியல்) பேர் இருக்கிற ஆக்கள். 2021 மே மாசம் கேகே, ஆர்எஸ் எண்ட தீர்ப்பு வந்து அந்த "முக்கியமான பங்கு" எண்டதை விரிச்சுச் சொன்னது. பெரிய பதவி இருக்கோணும் எண்டில்லை, எந்த அமைப்பு, அது இலங்கையில தடை செய்ததா, என்ன வேலை, எவ்வளவு காலம், முந்தின வரலாறு, குடும்பத் தொடர்பு எண்டு எல்லாம் பாத்து ஆளாளுக்குத் தனித்தனிய முடிவெடுக்கோணும். உண்மையா வருசக்கணக்கா வேலை செய்யிற ஆக்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பலம், அவை அதை ஒளிக்கவும் தேவையில்லை, ஊருக்குப் போய் வாயை மூடிக்கொண்டு இரு எண்டு சொல்லேலாது எண்டதும் சட்டத்தில இருக்கு. ஆனா கேஸுக்காக எடுத்த நாலு படம் தம்பியின்ர உண்மைக் கதையையும் சேத்து இழுத்து விழுத்தியிருக்கும். அவனுக்கு ஆபத்து ஸ்ரொப் லிஸ்ற் பக்கத்தால, அதில மட்டும் நிண்டினம்.

ஹியரிங் அண்டைக்கு ஒஃபிஸ் ஒரு பரிஸ்டரை (கோட்டில நிண்டு வாதாடுற லோயர்) அனுப்பினது. லண்டன் பக்கத்துக் கேஸ் டெய்லர் ஹவுஸிலயோ ஹற்றன் குறொஸிலயோ வரும், எங்கட எது எண்டு சொல்லேல்லை. கோட் எண்டா சினிமாவில பாக்கிற மாதிரி இல்லை, சின்ன அறை, ஒரு ஜட்ஜ், விக் இல்லை, ஜூரி இல்லை, ஹோம் ஒஃபிஸ் சார்பில ஒருத்தர், எங்கட பரிஸ்டர், கோட் வைச்ச இன்ரர்பிரிற்றர் (அதுக்குக் காசில்லை), பின்னால நான். மனநிலை சரியில்லாத ஆக்களுக்கு இடையில இடைவேளை விடோணும், கேள்வியைச் சின்னனாக் கேக்கோணும் எண்டு 2010ல ஒரு வழிகாட்டி போட்டிருக்கினம், அதுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தினம், ஜட்ஜ் ஓம் எண்டவர். ஹோம் ஒஃபிஸ் ஆளின்ர கேள்வி கூடுதலா மூண்டு விசயத்தில: மாசக் குழப்பம், வாற வழியில இன்னொரு நாட்டில ஏன் அசைலம் கேக்கேல்லை, விட்டிட்டினம் எண்டா பிறகு ஏன் தேடுவினம். ரெண்டாவதுக்கு 2004 சட்டத்தில எட்டாம் பிரிவு இருக்கு, பாதுகாப்பான நாட்டில கேக்காம வந்தது நம்பகத்தன்மையைக் குறைக்கும் எண்டு. ஆனா அது ஒண்டை மட்டும் வைச்சு முடிவெடுக்கேலாது, மற்ற எல்லாத்தோடயும் சேத்துத்தான் பாக்கோணும் எண்டு 2008ல அப்பீல் கோட் சொல்லிட்டுது. தம்பி உள்ளதைச் சொன்னான், ஏஜென்ற் கதவைத் திறக்கவே விடேல்லை எண்டு. தெரியாததுக்குத் தெரியாது எண்டு சொல்லு எண்டு சொலிசிற்றர் படிப்பிச்சிருந்தா, அவன் அப்பிடியே செய்தான். என்ன சொல்லோணும் எண்டு ஒருக்காலும் சொல்லிக் குடுக்கேல்லை.

தீர்ப்பு அண்டைக்கே சொல்லமாட்டினம், எழுத்தில கிழமைக்கணக்கில கழிச்சு வந்தது. அப்பீல் அனுமதிக்கப்பட்டது. ஆனா என்னை அசத்தினது ஜட்ஜ் எழுதின விதம். நல்லூர்த் திகதி, டொக்டர் றிப்போர்ட், ஊர் லோயரின்ர கடிதம், சித்தியின்ர கடிதம் நாலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, இது அதுக்கு ஒத்துவருது, அது இதுக்கு ஒத்துவருது எண்டு பந்தி பந்தியா. ஏஜென்ற் கதை ஒரு இடத்தில தனக்கு முழுசா நம்பிக்கை வரேல்லை எண்டும் எழுதியிருந்தார், எண்டாலும் முழுதையும் பாக்கேக்க அது கதையின்ர நடுவைத் தொடேல்லை எண்டு. இதாலதான் முதல் ஹியரிங்தான் எல்லாம் எண்டு அழுத்திச் சொல்லுறன். இதில தோத்தா மேல் ரிபியூனலுக்குப் போகலாம்தான், ஆனா அங்க ஜட்ஜ் சட்டப் பிழை விட்டாரா எண்டதைத்தான் பாப்பினம், எனக்கு அவர் நம்பேல்லை, நீங்களாவது நம்புங்கோ எண்டு கேக்கேலாது.

குறையளும் இருக்கு. ஃபோன் அடிச்சா எடுக்கிறது அருமை, ஈமெயிலுக்கு அடுத்த கிழமைதான் பதில், அதுவும் ரெண்டு வரி. நடுவில உதவியாளர் மாறி, புது ஆளுக்குத் திருப்பி எல்லாம் அனுப்ப வேண்டி வந்தது. வாற லெற்றர் எல்லாம் கடும் இங்கிலீஸ், வீட்டில வாசிச்சு விளங்கப்படுத்த ஆள் இல்லாத பிள்ளையள் என்ன செய்யிறது, ஒரு பக்கம் தமிழில எழுதி அனுப்பினா எவ்வளவு நல்லம். ஹியரிங் திகதி வர எடுத்த காலம் அவையின்ர பிழை இல்லை, ஆனா அந்தக் காத்திருப்பில என்ன நடக்குது எண்டாவது இடைக்கிடை ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். காசு ஒரு சதமும் எடுக்கேல்லை. அப்பீல் ஹியரிங்குக்கு 140 பவுண் ஃபீஸ் இருக்கு, லீகல் எய்ட் எண்டா அதுவும் இல்லை. அசைலம் சப்போர்ட்டில நிக்கிற ஒரு ஆளுக்கு 2024ல கிழமைக்கு 49.18 பவுண்தான் குடுத்தவை, அதில ஆர் பிரைவேற் சொலிசிற்றருக்குக் கட்டுறது.

என்ர மார்க் 5க்கு 4, அந்த ஒண்டும் ஃபோனுக்காகக் குறைச்சது.

ஆள் தேடுறவைக்கு: சொலிசிற்றர் எண்டா பதிவு இருக்கா பாருங்கோ, சொலிசிற்றர் இல்லாத ஆலோசகர் எண்டா 2025 ஜனவரியில இருந்து இமிக்றேஷன் அட்வைஸ் ஒதோறிற்றி எண்டு பேர் மாறின இடத்தில பதிவு இருக்கோணும், பதிவில்லாம ஆலோசனை சொல்லுறது 1999 சட்டப்படி குற்றம். லீகல் எய்ட் ஒஃபிஸ் உங்கட அப்பீல் வெல்லுற சான்ஸ் குறைவு எண்டு சொல்லி லீகல் எய்ட்டை நிப்பாட்டினா அதோட முடிஞ்சுது எண்டு இருக்காதேங்கோ, அதைத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்க சிடபிள்யூ4 எண்டு ஒரு ஃபோம் இருக்கு, அவையிட்டயே கேளுங்கோ. முதல் நாள் போகேக்க றிஜெக்ட் லெற்றர், ரெண்டு இன்ரர்வியூவின்ர பிரதி, பழைய சொலிசிற்றரின்ர ஃபைல், லெற்றர் வந்த கவர் உட்பட எல்லாத்தையும் கொண்டு போங்கோ, 14 நாள் எப்ப தொடங்கினது எண்டதுக்கு அந்தக் கவரும் திகதியும் தேவைப்படும்.